ஊவா மலையில் ஜேர்மன் கார்

பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலைத்தொடரை நோக்கி ஏறிச் செல்லும் பாதையிலே அமைந்திருப்பது ஸ்பிரிங்வெளித் தோட்டம். பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்த் தொழிலாளர் தம் நாவுக்கு இசைய 'வெளி' என்று ஆக்கிக்கொண்டனர். மலையோடு மலை நெருங்கி நிற்கும் இடத்துக்கு வெளி என்ற பெயர் வாய்த்தது வேடிக்கைதான். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பாதையில் நேரான துண்டு கிடைப்பது அரிது. ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர். மறுபக்கம் தேயிலைச் சரிவு. இடையிடையே கொண்டை ஊசி வளைவுகள். மழைக் காலத்தில் மண் சரியும்; மூடுபனி இறங்கினால் முன்னே பத்து முழம் தெரியாது. கொழும்பில் காலி வீதியில் ஓடும்போது எந்த மோட்டார் வண்டியும் நல்ல வண்டிதான். அதன் மெய்யான குணத்தை அறியவேண்டுமாயின் இத்தகைய பாதையில் ஏற்றிப் பார்க்கவேண்டும். ஏற்றிப் பார்ப்பதைவிட, இறக்கிப் பார்க்கவேண்டும்.

பழைய ஜேர்மன் கார்கள்மீது, சிறப்பாக மூன்று முனை நட்சத்திரம் தாங்கிய மெர்சிடிஸ்-பென்ஸ் கார்கள்மீது, சிலர் கொண்டிருக்கும் வாழ்நாட் பற்று வியப்புக்குரியது. தமிழ் வழக்கில் 'பென்ஸ் கார்' என்பது வண்டியின் பெயராக மட்டும் நிற்பதில்லை. செல்வத்தின் மறுபெயராகவே அது ஆகிவிட்டது. ஆகவே இப்பற்றை வெறும் செல்வச் செருக்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. செருக்கு அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது ஒன்றே காரணமாயின், புதிய மாதிரி வந்த அன்றே பழைய வண்டி கைவிடப்பட்டிருக்கும். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஒரே வண்டியை வைத்துக் காக்கும் மனநிலைக்கு வேறு காரணம் தேடவேண்டும். அக்காரணத்தின் ஒரு பகுதி ஜேர்மனியில் இருக்கிறது. மறுபகுதி இம்மலைகளிலேயே இருக்கிறது.

ஊவாவுக்குச் சக்கரம் மெல்லத்தான் வந்தது. கோப்பிக் காலத்தில் மூட்டைகளை மாட்டு வண்டிகள் சுமந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. தேயிலையோடு புகையிரதமும் மலையேறிற்று. 1894இல் பண்டாரவளையை எட்டிய இருப்புப்பாதை பதுளையை அடைந்தது 1924இல்தான். முப்பது ஆண்டு இடைவெளி! தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு தன் அடியில் நுழைந்து செல்லும் வளையத்தைக் கண்டவர்கள் அத்தாமதத்தின் காரணத்தை உணர்வார்கள். இந்த இடைவெளியில்தான் மோட்டார் வண்டி இலங்கை மண்ணில் காலூன்றியது.

தோட்டத்துத் துரைமார் ஏறிச் சென்றவை பெரும்பாலும் அவர்களுடைய நாட்டு வண்டிகளே: ஆஸ்டின், மொரிஸ், ஹில்மன், ஹம்பர். இதில் தேசப்பற்று பாதி, கணக்கு பாதி. 1932ஆம் ஆண்டு ஒட்டாவா மாநாட்டுக்குப்பின் பேரரசுக்குள் செய்யப்பட்ட பொருள்களுக்குச் சலுகை வரி கிடைத்தது. ஏனைய நாட்டுச் சரக்குக்கு அச்சலுகை இல்லை. ஆகவே ஜேர்மன் கார் இங்கு வருவதானால் விலையிலும் ஏறித்தான் வரவேண்டியிருந்தது.

விலையை விடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. ஜேர்மனி என்ற பெயரே நம்மவர் காதில் போரோடு சேர்ந்து விழுந்த பெயர். 1914 செப்டெம்பரில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல், இலங்கைக் கடலிலும் கப்பல்களை மூழ்கடித்துப் பெருங் கலக்கத்தை உண்டாக்கிற்று. அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பரில் அழிந்தது. ஆனால் தமிழ் மொழியில் அது அழியவில்லை. எதற்கும் அஞ்சாத கெட்டிக்காரனை 'அவன் ஒரு எம்டன்' என்று சொல்லும் வழக்கு இன்றும் இருக்கிறது. ஊவாவுக்கோ இத்தொடர்பு இன்னும் நெருங்கியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இலங்கையில் இருந்த ஜேர்மானியர் தியத்தலாவை முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். புகழ்பெற்ற பௌத்த பிக்குவும் ஜேர்மானியரில் ஒருவருமாகிய ஞானதிலோக தேரரும் அவர்களுள் இருந்தார். 1942இல் அவர்கள் இந்தியாவின் டேராடூனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவ்வாறு ஊவா மலைகள் ஜேர்மன் காரை நாடுவதற்கு முன்பே ஜேர்மன் மனிதரைச் சிறைக்குள் கண்டிருந்தன.

இனி, அந்த வண்டியின் பிறப்பைச் சற்று நோக்கவேண்டும். ஏனெனில் மலைப்பாதைக்கும் இவ்வண்டிக்கும் உள்ள உறவு அதன் தொட்டிலிலேயே தொடங்கியது. கார்ல் பென்ஸ் என்பவர் 1886 ஜனவரி 29இல் மன்ஹைம் நகரிலிருந்து தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். கண்டுபிடித்தவர் அவர், ஆனால் அதை நம்பி ஊருக்கு வெளியே ஓட்டிக் காட்டியவர் அவர் மனைவி பெர்தா. 1888 ஆகஸ்டில் ஒரு நாள் அதிகாலை, கணவருக்குச் சொல்லாமல், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவர் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர்த் தூரம். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இறக்கத்தில் தடை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அறைவித்தார். ஏற்றத்தில் வண்டி நின்றபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். வீடு திரும்பியதும் கணவரிடம் அவர் சொன்ன குறை, மலையேற இன்னும் ஒரு தாழ்ந்த கியர் வேண்டும் என்பது. அக்குறை தீர்க்கப்பட்டது.

மாட்சிமை பொருந்திய இந்த வண்டியின் முதல் நெடும்பயணம் ஒரு பெண்ணின் துணிவாலும், ஒரு சக்கிலியர் தொழிலின் உதவியாலும், இரு சிறுவர் தள்ளியதாலும் நிறைவேறியது என்பதை அதன் இன்றைய உடைமையாளர்கள் அடிக்கடி நினைப்பதில்லை.

மெர்சிடிஸ் என்ற பெயர் மற்றொரு குடும்பத்திலிருந்து வந்தது. டைம்லர் நிறுவனத்தின் வண்டிகளை வாங்கி விற்ற எமில் ஜெல்லினெக் என்னும் வணிகர் தம் மகளின் பெயரை அவற்றுக்குச் சூட்டினார். 1902இல் அது வணிகப் பெயராகப் பதிவாயிற்று. ஸ்பானிய மொழியில் அச்சொல் அருள் என்ற பொருளைத் தருவது. தமிழ்ப் பெண்ணாயின் அருள்மொழி என்று கார் ஓடியிருக்கும்! நிலம், நீர், வானம் ஆகிய மூன்றிலும் இயங்கும் எஞ்சின்களைக் குறிக்கும் நட்சத்திரச் சின்னம் 1909இல் பதிவு பெற்றது. டைம்லரும் பென்சும் 1926இல் ஒன்றாயின. ஜேர்மனியின் மற்றொரு பெருமைக்குரிய வண்டியாகிய பி.எம்.டபிள்யூ.வின் கதை வேறு. விமான எஞ்சின் செய்துவந்த அந்நிறுவனம் 1920களின் இறுதியில் கார்த் தொழிலில் இறங்கியபோது முதலில் விற்றது, ஆங்கிலேயரின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் பெற்றுச் செய்த டிக்சி என்னும் சிறு வண்டி. துரை ஏறிய ஆஸ்டினும் பி.எம்.டபிள்யூ.வும் ஒரு வகையில் உறவினர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

போர் முடிந்தபோது ஜேர்மன் தொழிற்சாலைகள் இடிபாடுகளாகக் கிடந்தன. அந்த நிலையிலிருந்து எட்டே ஆண்டுகளில், 1953இல், மெர்சிடிஸ்-பென்ஸ் 180 என்னும் கார் வெளிவந்தது. தனிச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றும் பழைய முறையை விட்டு, உடலே தன்னைத் தாங்கும் முறையில் அது செய்யப்பட்டது. உருண்டு திரண்ட அதன் வடிவத்தில் பகட்டு இல்லை. மறு ஆண்டு அதன் டீசல் வகையும் வந்தது. டீசல் கார் செய்வதில் அந்நிறுவனம் முன்னோடி. 1936இலேயே 260 டி என்னும் டீசல் காரை வரிசையாக உற்பத்தி செய்தது. 180 டி வண்டியின் வலு 40 குதிரைத்திறன் மட்டுமே. அதை ஓட்டியவர் விரைவை எதிர்பார்த்தல் ஆகாது. குளிர்ந்த காலையில் எஞ்சினைச் சூடேற்றும் சுருள் சிவக்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். பொறுத்தவருக்கு வண்டி பொறுமையாக உழைத்தது. 1959இல் வந்த வாலிறகு வைத்த 220 வகைகளில், மோதினால் முன்னும் பின்னும் நசுங்கி நடுவிலுள்ள இருக்கை அறையைக் காக்கும் அமைப்பு முதன்முதலாக இடம்பெற்றது. பேலா பாரேனி என்னும் பொறியியலாளரின் ஆக்கம் அது. மலைப்பாதையில் வண்டியோட்டுவோர்க்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.

டீசல் எஞ்சின் மலைநாட்டுத் தமிழருக்கு அந்நியப் பொருளன்று. தேயிலைத் தொழிற்சாலைகளில் உருளைகளையும் உலர்த்தும் இயந்திரங்களையும் சுழற்றியவை எண்ணெய் எஞ்சின்களே. அவற்றோடு பழகிய கைகள் பென்ஸ் வண்டியின் மூடியைத் திறந்தபோது திகைத்து நிற்கக் காரணமில்லை. நட்சத்திரச் சின்னமும் பாமரர் கண்ணுக்கு முதலில் பட்டது காரில் அன்று; லொறியில். இந்தியாவின் டாட்டா நிறுவனம் 1954 முதல் 1969 வரை டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து லொறிகள் செய்தது. அந்த 'டாட்டா பென்ஸ்' லொறிகள் 1961 முதல் இலங்கைக்கும் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தது 1939இல் கொழும்பில் தோன்றி, பென்ஸ் கார்களின் முகவராகவும் நிலைபெற்ற டிமோ நிறுவனம். தேயிலைப் பெட்டி சுமந்த லொறியும் துரை ஏறிய காரும் ஒரே நட்சத்திரத்தைத் தாங்கியது ஒரு புதுமை.

இலங்கையில் ஒரு பழைய காரின் வயதை அறிய அதன் எஞ்சினைப் பார்க்கவேண்டியதில்லை. இலக்கத்தகட்டைப் பார்த்தாற் போதும். நாட்டின் அன்றைய ஆங்கிலப் பெயராகிய சிலோன் என்பதன் எழுத்துகளில் இரண்டிரண்டை எடுத்துக் கோத்த தகடுகள் முற்காலத்தவை. 1957 முதல் புதிதாகப் பதிந்த வண்டிகள் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் தாங்கின. இதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்திற்று. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் எழுத்துப் பொறித்த வண்டிகள் ஓடின. 1958இல் தார் பூசும் கிளர்ச்சி மலைநாட்டுக்கும் பரவிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் மூண்ட கலவரத்தின் கொடுமையை நாடு அறியும். ஓரெழுத்து ஒரு நாட்டைப் பிளக்குமா என்று கேட்போர், ஒரு முற்கால 180 காரையும் அதற்கு இரண்டே ஆண்டு இளைய மற்றொரு 180 காரையும் பக்கத்தில் நிறுத்தித் தகடுகளைப் பார்க்கலாம். வண்டி ஒன்றே; நாடு மாறியிருந்தது.

இதனினும் ஆழமான முரண் ஒன்று தோட்டங்களில் இருந்தது. காருக்குப் பதிவுப் புத்தகம் உண்டு. அது எங்கே செய்யப்பட்டது, எந்தக் கப்பல்துறை வழியே வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற விவரங்கள் அனைத்தும் அரசின் ஏட்டில் இருந்தன. அதை ஓட்டியும் கழுவியும் காத்தும் வந்த தோட்டத் தமிழருள் மிகப் பலருக்கோ தாம் எந்த நாட்டவர் என்று காட்ட ஒரு துண்டுத் தாளும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். அந்த மீதிக் கணக்கைத் தீர்க்க 1974இல் மற்றோர் உடன்பாடு வேண்டியிருந்தது. எஞ்சியிருந்தோர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஜேர்மனியில் பிறந்த இரும்பு வண்டி இலங்கையின் பதிவைப் பெற்றது ஒரு நாளில். ஊவாவில் பிறந்த மனிதன் அதைப் பெற ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்தான்.

இந்தக் காலத்திலேயே வண்டியின் வாழ்வும் ஒரு திருப்பத்தை அடைந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977வரை புதுக் கார் என்பது எளிதிற் கிட்டாத பொருள். இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றே வழி. பிற நாடுகளில் பொழுதுபோக்காகத் தோன்றிய பழங்கார்ப் பற்று, இலங்கையில் இவ்வாறு தேவையாகத் தோன்றிற்று. உதிரிப்பாகம் கிடைக்காதபோது கடைசல் பட்டறையில் செய்துகொண்டனர். கழிந்த வண்டியின் உறுப்பு உயிருள்ள வண்டிக்கு மாறிற்று. பலவகை வண்டிகளுக்கும் இச்சோதனை வந்தது. தடித்த தகடும் எளிய அமைப்பும் கொண்ட வண்டிகள் தேறின. இத்தேர்வில் நின்றவற்றுள் மொரிஸ் மைனரும் உண்டு, பீஜோவும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். நட்சத்திரம் மட்டுமே நீண்ட ஆயுள் பெற்றது என்பது அபிமானிகளின் மிகைக் கூற்று.

தேவையால் அன்றி, அன்பினாலேயே ஒரு வண்டியை வாழ்நாள் முழுதும் வைத்திருந்தவரைக் காணக் கடலைக் கடந்து திருவனந்தபுரம் செல்லவேண்டும். தூரம் பெரிதன்று, மூணாற்று மலைகளும் ஊவா மலைகளும் ஆங்கிலேயர் ஒரே முறையில் தேயிலை நட்டவை, இரண்டிலும் கொழுந்து பறித்தவர் தமிழ்நாட்டுக் கிராமத்தார். திருவிதாங்கூரின் கடைசி அரசர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. 1922இல் பிறந்த அவர் 1950களில் ஒரு மெர்சிடிஸ்-பென்ஸ் 180 வாங்கினார். விலை 12,000 ரூபாய் என்பர். அரசு போயிற்று; அரசர் என்ற பட்டத்தையும் மானியத்தையும் இந்திய அரசு 1971இல் நீக்கிற்று; அண்ணன் 1991இல் மறைந்தார்; வண்டி மட்டும் அரண்மனையில் நின்றது. அவ்வண்டிக்கு ஈடாக இரண்டு புதிய கார்கள் தருவதாக நிறுவனமே முன்வந்தும் அவர் மறுத்தார் என்று இந்திய நாளிதழ்கள் எழுதின. 2013 டிசெம்பரில் 91ஆம் வயதில் காலமாகும்வரை அதை அவர் பிரியவில்லை.

அந்த வண்டி 23 இலட்சம் மைல் ஓடியது என்றும் அச்செய்திகள் கூறின. இது பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கத்தக்கது. ஐம்பத்தைந்து ஆண்டு என்று கொண்டால், ஒரு நாளும் விடாமல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 115 மைல் ஓடியிருக்கவேண்டும். வாடகை வண்டிக்கு அது இயலும். அரண்மனை வண்டிக்கு இயலுமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். கிரேக்க நாட்டில் கிரெகோரியோஸ் சாகினிடிஸ் என்னும் வாடகைச் சாரதி தம் 1976ஆம் ஆண்டு 240 டி வண்டியில் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடினார். 2004இல் அது நிறுவனத்தின் அரும்பொருட் சாலைக்குச் சென்றது. அவர் உழைத்துப் பிழைத்த வண்டி அது. அதற்கும் எஞ்சின்கள் மாறி மாறிப் பொருத்தவேண்டியிருந்தது. திருவனந்தபுரத்து மைற்கணக்கு எப்படியாயினும், இரண்டு புதியவற்றை வேண்டாம் என்ற மறுப்பே அங்கு நோக்கத்தக்கது. இழந்த அரசின் இடத்தில் எஞ்சிநின்ற ஒன்றை விலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை போலும்.

ஊவாவிலும் உடைமை கைமாறிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆங்கிலேயத் துரைமாரின் காலம் முடிந்தது. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தபின் 123 எனப்படும் வரிசையின் கார்கள் நாடெங்கும் பெயர்பெற்றன. 1976 முதல் பத்தாண்டு செய்யப்பட்ட அவ்வரிசையில் ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் உலகெங்கும் விற்பனையாயின. இலங்கையில் அவை வணிகர், மருத்துவர், ஒப்பந்தக்காரர் எனப் பலர் கைக்குச் சென்று, பழையனவான பின் இன்னும் எளியவர் கைக்கும் வந்தன. இப்படி இறங்கிவந்ததில்தான் இவ்வண்டியின் இலங்கை வரலாறு சிறக்கிறது. புதிதாய் இருந்தபோது பதவி உள்ளவருக்கு மட்டும் உரியதாய் இருந்தது; பழையதானபோது பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு உரியதாயிற்று.

பழுது பார்ப்போர் பெயரை எந்தப் பதிவுப் புத்தகமும் எழுதுவதில்லை. உடைமையாளர் பட்டியல் உண்டு. எஞ்சினை இறக்கி ஏற்றியவர் பட்டியல் இல்லை. கராஜில் 'பாஸ்' என்று மரியாதையோடு அழைக்கப்படும் அம்மனிதர், எஞ்சின் ஒலியைச் சற்று நேரம் கேட்டு நோயைச் சொல்லிவிடுவார். அவரிடம் பயின்ற பையன் முதலில் சக்கரம் கழற்றுவான். பிறகு தடையைத் தொடுவான். டீசல் பம்பைத் தொடுவதற்குப் பல ஆண்டு செல்லும். அவருக்கு வேண்டிய உறுப்புகள் கொழும்பில் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து பஸ்ஸிலும் புகையிரதத்திலும் மலையேறும். தன் பழைய வண்டிகளுக்கு உறுப்பு வழங்கிச் சீர்செய்து கொடுக்க ஜேர்மன் நிறுவனம் 1993இல் ஃபெல்பாக் என்னும் ஊரில் தனி நிலையமே அமைத்தது. மலைநாட்டுக் கராஜ்கள் அப்பணியை நிலையம் எதுவும் இல்லாமல் அதற்கு முன்பே செய்துவந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. செலாவணி வற்றியது; 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. தனியார் கார்களுக்கான தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து ஆண்டுகளிலும், 1960களில் நடந்ததைப் போலவே, பழைய வண்டியின் விலை ஏறிற்று. கைவிட்டு மூலையில் நிறுத்தியவை மீண்டும் வெளியே இழுக்கப்பட்டன. 'ஸ்ரீ' எழுத்துத் தகடு தாங்கிய கார் ஒன்று விற்பனைக்கு வந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது முந்திய உடைமையாளர் யார் என்று; அடுத்துக் கேட்பது, அதைப் பார்த்துவந்த பாஸ் யார், அவர் இன்னும் வேலை செய்கிறாரா என்று.